அம்மாவுக்கு வந்த மறதி மகளுக்கும் வருமா?

தோவாளையில் பூக்கட்டும் ஆச்சி ஒருவர், எழுபத்தெட்டு வயது. பிச்சிப்பூவை வாழைநாரில் சேர்த்து முடிச்சிடுவதில் விரல்கள் இன்றும் பிசகுவதில்லை. காலையில் சாப்பிட்டோமா என்பதுதான் நினைவில்லை. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் அல்சைமர் என்ற மறதிநோய் முதலில் தாக்குகிறது. கைப்பழக்கம் மூளையின் வேறு பகுதிகளில் இருப்பதால் நெடுநாள் தப்பிக்கிறது. பக்கத்தில் இருக்கும் மகளுக்கோ தன்னைப் பற்றிய கவலை.

மூளை செல்களின் சவ்வில் ஏபிபி என்றொரு புரதம் உண்டு. இரண்டு நொதிகள் அதை அடுத்தடுத்து வெட்டும்போது அமிலாய்டு பீட்டா என்ற துண்டு உருவாகிறது. இது எல்லோர் மூளையிலும் அன்றாடம் நடப்பதுதான். அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும்போதுதான் வம்பு. நாஞ்சில் நாட்டுக் குளம் மேடாவது எப்படி? வெள்ளம் கூடுதலாக மண்ணைக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். வழக்கமான மண்தான் வந்தது, தூர்வாராமல் விட்டுவிட்டார்கள் என்றும் இருக்கலாம். மரபணுக்கள் கெடுப்பதும் இந்த இரண்டு வழிகளில்தான்.

முதல் வழி மிக அரிது. ஏபிபி, பிரிசெனிலின் 1, பிரிசெனிலின் 2 ஆகிய மரபணுக்களில் பிழை நேர்ந்தால் ஒட்டும் துண்டுகள் அதிகம் உருவாகி, பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே நோய் வந்துவிடும். மொத்த நோயாளிகளில் இவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆச்சிக்கு எழுபதைத் தாண்டித்தான் தொடங்கியது; மகள் இந்தக் கவலையை அநேகமாக விட்டுவிடலாம்.

இரண்டாவது வழியில் முக்கியமானது, கொழுப்பைச் சுமக்கும் புரதத்தை உருவாக்கும் அபோஇ மரபணு. இதன் 3ஆம் வகைக்கும் 4ஆம் வகைக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம்: 112ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் ஆர்ஜினின். அது போதும், அமிலாய்டை அகற்றும் வேலை மந்தமாகிவிடுகிறது. 4ஆம் வகை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் ஆபத்து ஏறத்தாழ 3 மடங்கு; இருவரிடமிருந்தும் வந்தால் 8 முதல் 12 மடங்கு. ஆனாலும் அதைச் சுமந்தே தெளிவாக வாழ்ந்து முடிப்பவர்கள் உண்டு, அது இல்லாமலே நோயில் விழுபவர்களும் உண்டு. நலமாக இருப்பவர் வெறும் பயத்தில் இதைச் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை என்பதே என் எண்ணம்.

கொலம்பியாவில் ஒரு பெண்மணிக்குப் பிரிசெனிலின் 1 பிழை இருந்தது. அவர் குடும்பத்தில் நாற்பதுகளிலேயே மறதி தொடங்கிவிடும். அவருக்கோ எழுபதுகள்வரை தெளிவு குறையவில்லை. மூளையில் அமிலாய்டு ஏராளம், அல்சைமரில் செல்லுக்குள் முறுக்கிக்கொள்ளும் டாவ் என்ற இன்னொரு புரதம் மட்டும் சொற்பம். அபோஇ 3ஆம் வகையின் 'கிறைஸ்ட்சர்ச்' என்னும் அரிய மாற்றம் அவருக்கு இரு பிரதிகளாக இருந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அமிலாய்டு சேர்ந்தாலும் டாவ் பரவாமல் தடுக்கும் அந்த மாற்றத்தை மருந்தாகப் போலச்செய்ய முடியுமா என்று இப்போது ஆராய்ந்து வருகிறார்கள்.