ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் 'வெடியுப்பு' ஆகுமா?

'ஸ்ட்ரான்சிய வெடியுப்பு – எரியும் திண்மம்.' சிவப்பு மத்தாப்புக்கு நிறம் தரும் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் உப்பைப் பற்றி மெய்ப்புப் பார்க்க வந்த பாதுகாப்புக் குறிப்பு ஒன்றில் இந்தத் தொடரை இவ்வாண்டில் மூன்றாம் முறையாகக் கண்டேன். நான்கு சொற்களில் இரண்டு பிழைகள். இரண்டுமே சரக்கறையில் நிற்பவரைத் தவறான வழியில் செலுத்தக்கூடியவை.

ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சியன் என்ற சிற்றூர்தான் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்துக்குப் பெயர் தந்தது. 1808இல் ஹம்ப்ரி டேவி இதைத் தனியே பிரித்தெடுத்தார். 'நைட்ரேட்' கிரேக்க மொழியின் 'நைட்ரான்' வழி வந்த சொல்.

வெடியுப்பு என்பதோ தமிழில் ஏற்கெனவே ஒரு பொருளுக்கு உரிய பெயர். பொட்டிலுப்பு என்றும் வழங்கும் பொட்டாசியம் நைட்ரேட்டே அது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலும் அதையே எடுத்துத் தருவார்கள். ஆங்கிலத்திலும் 'நைட்டர்' என்ற பழைய உப்பின் பெயர்தானே 'நைட்ரேட்' என்ற இனப்பெயராக விரிந்தது, 'சிலி வெடியுப்பு' என்று நம் பாடநூல்களே எழுதவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. முன்னது ஈறு சேர்த்துத் தனிச்சொல்லாகப் பிரிக்கப்பட்டது. பின்னது சோடியம் நைட்ரேட்டின் பழைய வணிகப் பெயரை அப்படியே பெயர்த்தது. ஈற்றைக்கூட மாற்றாமல் ஒரு பொருளின் பெயரைக் குடும்பம் முழுவதற்கும் சூட்டினால், சொட்டுநீரில் கரைத்து விடும் கால்சியம் நைட்ரேட் உரத்தையும் உழவர் 'கால்சிய வெடியுப்பு' என்றே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. அதற்காக நல்லதொரு தமிழ்ச்சொல்லின் பொருளைக் கலக்கிவிடுவதை ஏற்க இயலாது. ஒலிதான் உறுத்துகிறது என்றால், இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் 'நைத்திரேற்று' இருக்கிறது. அது தமிழ் ஒலிமரபுக்கு அடங்கியது, வேறெதனோடும் குழம்பாது.

'எரியும் திண்மம்' இன்னும் மோசம். ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பெறப்படும் இந்த வெண்ணிற உப்பு எரிவதே இல்லை. சுமார் 570 பாகை செல்சியசில் உருகி, மேலும் சூடேறினால் சிதைந்து ஆக்சிசனையும் பழுப்புநிற நைட்ரசன் டைஆக்சைடையும் வெளிவிடும். சிவப்பு மத்தாப்பிலும் கடலில் ஆபத்துக்கு ஏற்றும் சுடரிலும் நிறம் தருவதோடு, பிறவற்றை எரியவைப்பதும் இதுவே. 'எரியும்' என்று படித்தவர் தீக்குச்சியை விலக்கிவிட்டு, மூட்டையைக் கந்தகத்துக்கும் அலுமினியத் தூளுக்கும் பக்கத்திலேயே அடுக்கிவிடுவார். இந்த மூட்டைகளிடையே தீப்பிடித்தால் மணலைக் கொட்டி அணைக்கப் பார்ப்பார். உப்பே ஆக்சிசனைத் தரும்போது வெளிக்காற்றைத் தடுத்து என்ன பயன்? உலோகத் தூள் கலவாத இடத்தில் ஏராளமாகத் தண்ணீர் பாய்ச்சுவதே வழி.

மூட்டையில் ஒட்டும் சாய்சதுர அபாயச் சின்னம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டுகிறது. எரியும் திண்மத்துக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டைகளின்மேல் சுடர். இவ்வுப்புக்கு மஞ்சள் நிலத்தில் வட்டத்தின்மேல் சுடர், கீழே இவ்வகை அபாயத்துக்குரிய 5.1 என்ற எண். படம் சரியாகச் சொல்வதை அதன் அடியில் அச்சிட்ட தமிழ் மறுக்கிறது. மொழிபெயர்ப்பவர் சொற்பட்டியலைப் புரட்டிய நேரத்தில் பாதியை மூட்டையைப் பார்ப்பதில் செலவிட்டிருக்கலாம்.

ஆக்சிசன் தந்து பிறவற்றை எரியவைக்கும் இத்தகைய பொருளுக்குப் பாடநூல் சொல்லான 'ஆக்சிசனேற்றி' பிழையற்றது. ஆனால் மூட்டை தூக்குபவருக்கு அது மட்டும் போதாது. ஆகவே நான் இப்படித் திருத்தி அனுப்பினேன்: 'ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் – ஆக்சிசனேற்றி. தானே எரியாது, பிறவற்றைச் சீறி எரியவைக்கும். கரி, கந்தகம், உலோகத் தூள் அருகே வைக்காதீர்.' அச்சாகி வந்தபோது வெடியுப்பு நீங்கியிருந்தது. இடம் போதவில்லை என்று 'எரியும் திண்மம்' மட்டும் அப்படியே நின்றது.