மடக்குக் கத்தி எப்படி மடங்காமல் நிற்கிறது?

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் தோழிகளோடு மலையேறப் பதிவு செய்யப்போகிறாராம். “பையில் ஒரு மடக்குக் கத்தியோ, குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்ட்டி டூலோ வைத்துக்கொள்ளலாம் என்று தேடினால், ஆளாளுக்கு ஒரு எஃகின் பெயரைச் சொல்கிறார்கள். எதை நம்பி வாங்குவது? அப்பா வேறு, மடக்குக் கத்தி என்றாலே பாதி வேலையில் மடங்கி விரலை நறுக்கிவிடும் என்று பயப்படுகிறார்” என்று கேட்கிறார்.

அப்பாவின் பயம் நியாயமானது. எஃகின் பெயரைவிட, விரித்த கத்தியை விரித்தபடியே நிறுத்துவது எது என்று பார்த்து வாங்குவதுதான் முக்கியம். கத்தி கொண்டுவரலாமா என்பதைப் பதிவு செய்யும்போதே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

காட்டில் கத்திக்கு அப்படி என்ன வேலை? புதரை வெட்டி வழி உண்டாக்கும் வேலை இல்லை. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் செடிகொடியைச் சேதப்படுத்துவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நிஜத்தில் வருபவை சின்ன வேலைகள். கயிறு அறுக்க வேண்டும், கட்டுத்துணி வெட்ட வேண்டும், பழம் நறுக்க வேண்டும், ஷூவின் அடி பிய்ந்துவிட்டால் ஒட்டிக் கட்ட டேப் வெட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஏழெட்டு சென்டிமீட்டர் அலகு தாராளம்.

இரும்பு கையில் இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்று வீட்டில் கத்தியைப் பையில் திணித்து அனுப்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இருட்டைக் கண்டு வரும் பயத்துக்குக் கத்தி மருந்து இல்லை. இதைவிட ஆபத்தானது, மிருகம் வந்தால் கத்தியைக் காட்டிச் சமாளிக்கலாம் என்ற நினைப்பு. யானைக்கும் கரடிக்கும் முன்னால் ஏழு சென்டிமீட்டர் எஃகு ஒன்றுமே இல்லை. வழிகாட்டியின் சொல்லைக் கேட்டுக் கூட்டத்தோடு நடப்பதுதான் பாதுகாப்பு.

எஃகு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இரும்பில் கார்பன் சேர்த்து, பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கடினமாகிறது. கூடவே சட்டென்று முறியும் குணமும் வந்துவிடும். அதனால் மறுபடி இதமாகச் சூடேற்றிக் கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குகிறார்கள். குரோமியம் போதிய அளவு கலந்தால் துரு குறையும். கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். 60-ஐத் தாண்டினால் கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் கல்லில் பட்டால் விளிம்பு சில்லுச் சில்லாக உதிரும், சாணை பிடிப்பதும் பாடு. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் அலகுகள் 56-தான். அதே கத்தியில் கத்தரிக்கோல் 53, திருப்புளியும் டின் திறப்பானும் 52, உள்ளே இருக்கும் வில் (ஸ்பிரிங்) 49. வேலைக்கு ஏற்ற கடினம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கூராக நிற்க வேண்டியது கடினமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிர வேண்டியது இளக்கமாக இருக்கிறது.

அந்த 49 வில்தான் கத்தியை நிறுத்தும் முதல் வகை ஏற்பாடு. பிடியின் முதுகு நெடுக ஓடும் இந்த எஃகுப் பட்டை, அலகின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அலகின் அடியில் விரித்த நிலைக்கு ஒரு தட்டையான முகம், மடக்கிய நிலைக்கு ஒரு முகம். இடையில் சுழலும்போது மூலை வில்லைத் தூக்குகிறது, தாண்டியதும் வில் அடுத்த முகத்தில் படிந்துகொள்கிறது. விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்செனர் 1897-இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில், ஒரே வில்லைப் பிடியின் இரண்டு பக்கக் கருவிகளுக்கும் வேலை செய்ய வைத்தார். இதில் பூட்டு என்று எதுவும் இல்லை, வில்லின் பலம் மட்டும்தான்.

அப்படியென்றால் ஆபத்தா? எந்தத் திசையில் விசை போகிறது என்று பாருங்கள். கூர்ப்பக்கத்தால் பழத்தை நறுக்கும்போது பழம் அலகை விரியும் திசையில்தான் தள்ளுகிறது. அங்கே பூட்டுக்கு வேலையே இல்லை. நுனியால் குத்தும்போதும், மரத்தில் சிக்கிய அலகை ஆட்டி இழுக்கும்போதும், அலகின் முதுகில் எதாவது இடிக்கும்போதும்தான் அலகு மடங்கப் பார்க்கும். அந்தப் பாதையில் உங்கள் விரல்கள் இருக்கும். பழமும் கயிறும் மட்டும் அறுப்பவருக்கு வில் போதும். குளிரில் விரைத்த கையால், அவசரத்தில், முரட்டு வேலை வரலாம் என்றால் பூட்டு வேண்டும்.

பூட்டில் பல வகை உண்டு. பிரான்ஸின் ஓப்பினல் 1955 முதல் ஒரு உலோக வளையத்தைத் திருப்பி அலகை மறிக்கிறது. அமெரிக்காவின் பக் 110, 1960-களிலிருந்து பிடியின் முதுகில் உள்ள நெம்புகோலின் கொக்கியை அலகின் அடியில் இருக்கும் பள்ளத்தில் விழவைக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் எனக்கு அலாதிப் பிரியம் மூன்றாவது ஒன்றின் மேல். அதன் பெயர் லைனர் லாக்.

பிடிக்குள் ஒரு எஃகுத் தகடு இருக்கிறது, ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். அதை நீளவாக்கில் அறுத்து, அறுத்த நாக்கை உள்பக்கமாக லேசாக வளைத்து விடுகிறார்கள். கத்தி மடங்கியிருக்கும்போது அலகு அந்த நாக்கை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும். முழுதாக விரித்ததும் அலகின் அடி வழிவிடுகிறது, நாக்கு ‘டக்’ என்று உள்ளே வந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கிறது. இப்போது அலகு மடங்க வேண்டுமென்றால் அந்த நாக்கை அதன் நீளவாக்கில் நசுக்கியாக வேண்டும். மெல்லிய தகடானாலும் நெடுக்குவாட்டில் அது நல்ல பலசாலி.

அழகு இனிமேல்தான். நாக்கு முட்டும் அந்த அடி முகம் நேராக இருக்காது. ஏழெட்டு டிகிரி சாய்த்துத் தேய்த்திருப்பார்கள். நேராக இருந்தால்தானே உறுதி என்று தோன்றும். ஆனால் நேராக இருந்தால், நாக்கு ஒரு மயிரிழை நீளமானாலும் உள்ளே வராது, மயிரிழை குட்டையானாலும் கத்தி ஆட்டம் கொடுக்கும். சாய்வு இருந்தால் நாக்கு சரிவில் ஏறிக்கொண்டே போய், இடைவெளி எங்கே தீர்கிறதோ அங்கே இறுகி நிற்கும். கதவுக்கு அடியில் நாம் செருகும் மர ஆப்பு, தரைக்கும் கதவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று யாரும் அளந்து சொல்லாமலே சரியான இடத்தில் இறுகுகிறதே, அதே கதைதான்.

சரி, சாய்வில் நிற்பது அழுத்தினால் வழுக்கிவிடாதா? அலகு மடங்கப் பார்க்கும்போது, சரிவின் காரணமாக அந்த விசையில் ஒரு பங்கு நாக்கைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். அதைத் தடுப்பது உராய்வு. வெளியே தள்ளும் பங்கு, விசை பெருக்கல் சாய்வுக் கோணத்தின் சைன். தடுக்கும் உராய்வு, அதே விசை பெருக்கல் கோணத்தின் கொசைன் பெருக்கல் உராய்வுக் குணகம். இரண்டு பக்கமும் விசை இருப்பதால் அது அடிபட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரே நிபந்தனை: கோணத்தின் டேன்ஜென்ட், உராய்வுக் குணகத்தைவிடச் சிறியதாக இருந்தால் நாக்கு வழுக்காது. எட்டு டிகிரிக்கு டேன்ஜென்ட் 0.14. எஃகின் மேல் எஃகு, லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தாலும் குணகம் ஏறத்தாழ 0.15. சுத்தமாக உலர்ந்திருந்தால் அதைவிட நிறையக் கூடுதல்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்தினாலும் கணக்கு மாறாது. விசையை இரண்டு மடங்காக்கினால் வழுக்கும் ஆசையும் இரண்டு மடங்காகும், பிடித்து நிறுத்தும் உராய்வும் இரண்டு மடங்காகும். உங்களைக் காயப்படுத்த வரும் விசையே தனக்கு எதிரான காவலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பதினோராம் வகுப்பில் ‘உராய்வுக் கோணம்’ என்று படித்துவிட்டு மறந்துபோன அதே பாடம், சட்டைப் பைக்குள் உட்கார்ந்து விரலைக் காப்பாற்றுகிறது. கோணத்தை ரொம்பக் குறைத்தால் ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டு கட்டைவிரலால் விடுவிக்கவே முடியாது. கூட்டினால் வழுக்கிவிடும். அந்த ஏழெட்டு டிகிரி, இரண்டு தொல்லைகளுக்கும் நடுவே இருக்கும் ஒற்றையடிப் பாதை.

தேய்மானமும் இதில் தானாகச் சரியாகிறது. ஆண்டுக்கணக்கில் தேயத் தேய நாக்கு சரிவில் இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறி நிற்கும், ஆட்டம் வராது. எதிர்ப்பக்கத் தகட்டைத் தொடும்வரை ஏறிவிட்டால்தான் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

அதே நாக்கு இன்னொரு வேலையும் பார்க்கிறது. அதன் உள்பக்கத்தில் கடுகளவு ஒரு குண்டு பதித்திருப்பார்கள். கத்தி மடங்கியதும் அந்தக் குண்டு அலகில் உள்ள சிறு துளையின் வாயில் உட்கார்ந்து, பைக்குள் கத்தி தானாக விரியாமல் பிடித்துக்கொள்கிறது. திறந்திருக்கும்போது பூட்டு, மூடியிருக்கும்போது தாழ்ப்பாள், இரண்டுக்கும் ஒரே தகடு. இதற்கு முன்னோடியான ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் 1906-லேயே காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். குண்டோடு சேர்த்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர், 1980-களின் தொடக்கத்தில். பின்னால் கிறிஸ் ரீவ் என்ற இன்னொரு கத்திக் கலைஞர் பிடியின் ஒரு பக்கத்தையே நாக்காக்கி ஃபிரேம் லாக் செய்தார். தகடு தடிமனாகிறது, நம் கையின் பிடியும் அதை உள்பக்கமாகவே அழுத்துகிறது.

உராய்வைப் பற்றிய அறிவியலுக்கு டிரைபாலஜி என்ற பெயரே 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் கொடுத்த அறிக்கையோடுதான் பரவியது. தேய்மானத்தால் ஒரு நாடு எவ்வளவு பணத்தை இழக்கிறது என்று கணக்குப் போட்ட அறிக்கை அது. நம் நாட்டில் மொத்த ஆராய்ச்சிக்கும் சேர்த்தே உள்நாட்டு உற்பத்தியில் 0.7 சதவீதம்கூடச் செலவாவதில்லை. அதிலும் உராய்வு, தேய்மானம், துரு போன்ற பளபளப்பு இல்லாத துறைகள் வரிசையில் கடைசியில்தான் நிற்கும். ரயில் சக்கரத்திலிருந்து செயற்கை மூட்டு வரை எல்லாமே இந்தத் துறையை நம்பித்தான் ஓடுகிறது. இங்கே போடும் பணம் வீண்போகாது என்பது என் உறுதியான கருத்து.

கடைக்குப் போனால் கத்தியை மெதுவாக விரித்து, நாக்கு எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். புதுக் கத்தியில் அது அலகின் அடியகலத்தில் கால்பங்கிலிருந்து பாதிக்குள் இருக்க வேண்டும். விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றால் வேண்டாம். அப்புறம் அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். விரல்களை மடங்கும் பாதையிலிருந்து விலக்கிவிட்டு, அலகின் முதுகில் நிதானமாக அழுத்துங்கள். நாக்கு நகரக் கூடாது. மேஜையில் முதுகை ஓங்கி அடித்துச் சோதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது பூட்டைக் கெடுக்கத்தான் உதவும். எந்தப் பூட்டானாலும் மடக்குக் கத்தியை நெம்புகோலாக்கி எதையும் பெயர்க்க வேண்டாம். பிடியை முறுக்கும் விசைக்கும் உள்ளே புகுந்த மணலுக்கும் என் அழகான கணக்கு பொருந்தாது.

மல்ட்டி டூல் வேறு ஜாதி. 1975-இல் டிம் லெதர்மேன் ஒரு பழைய ஃபியட் காரில் மனைவியோடு ஐரோப்பா சுற்றியபோது, கார் ரிப்பேருக்கும் விடுதிக் குழாய் ரிப்பேருக்கும் கையில் இருந்த சின்னக் கத்தி போதவில்லை, ஒரு குறடு இருந்தால் தேவலை என்று நினைத்தார். அந்த நினைப்பில் பிறந்த மல்ட்டி டூல் 1983-இல்தான் விற்பனைக்கு வந்தது. மலையேற்றத்திலும் அதிகம் கைகொடுப்பது அந்தக் குறடுதான். ஜிப்பின் தலை விரிந்துபோவது, பையின் கம்பி வளைவது, அடுப்பின் திருகு இறுகுவது எல்லாம் கத்தியால் ஆகாத வேலைகள். கீலிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, இரண்டு சென்டிமீட்டரில் கவ்வினால் கைவிசை ஐந்து மடங்காகிறது. எடை பெரும்பாலும் 150 முதல் 250 கிராம். தனியாகப் போகிறவர் யோசிக்கலாம். நான்கைந்து பேர் போகும் குழுவுக்கு ஒன்று போதும், மற்றவர்கள் சின்னக் கத்தி வைத்துக்கொண்டால் ஆயிற்று. அந்த மாணவிக்கும் என் பதில் இதுதான். விமானத்தில் போய் ஏறும் மலையானால் இரண்டையும் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.

நம் மலைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகையே சொல்வேன். கார்பன் எஃகு நன்றாகக் கூராகும். ஆனால் வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை எப்படிக் கறுக்கும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். மழைக்கால ஈரத்தில் அடுத்தது துருதான். மரப்பிடி போட்ட கத்தி மழையில் ஊறினால் பிடி உப்பி, அலகை வெளியே எடுக்கவே விடாது. அட்டைப்பூச்சிக்காக உப்புப் பொட்டலம் கொண்டுபோவீர்கள். அதைக் கத்தி இருக்கும் பைக்குள் வைக்காதீர்கள். உப்பில் உள்ள குளோரைடு, துருப்பிடிக்காத எஃகின் காப்புப் படலத்தையும் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரித்தபடி உலர்த்துங்கள்.

எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரியில் உறைகிற எண்ணெய் அது, கொடைக்கானல் ராத்திரியில் கீலுக்குள் மெழுகாக நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு கீலில் விட்டு, அலகைத் துடைத்துவிட்டால் போதும். நாக்கு முட்டும் அந்தச் சாய்ந்த முகத்தில் மட்டும் ஒரு துளியும் படக் கூடாது. அங்கே நமக்கு வேண்டியதே உராய்வுதான்.