பெயின்ட் அடித்த பிறகு ஸ்டீயரிங்கை மறுபடி பாருங்கள்

இரண்டு விரலால் திருகினேன், நட்டு சுற்றியது. இடது முன்சக்கரத்தில் டை ராட் எண்டை, அதாவது ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டை, பிடித்து நிறுத்துகிற நட்டு அது. நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின் இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது. அந்த வண்டி டிரெய்லரில் ஏறி வந்ததல்ல. அதைக் கட்டியவரே 12 மைல் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டி நேராகப் போக மாட்டேன் என்கிறது, வீல் அலைன்மென்ட் மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும் என்றார்.

1932 ஃபோர்டு. வீட்டுக் கொட்டகையில் 17 ஆண்டுகளாகக் கட்டியது. பாடியில் ஒரு அலை நெளிவு இல்லை. கதவைச் சாத்தினால் சத்தமே மெத்தென்று இருந்தது. இவ்வளவு பொறுமையாக வேலை செய்கிற ஒருவர் ஒரு நட்டை மறந்தது எப்படி? ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் வேலையில் இத்தனை ஆண்டுகள் இருந்த பிறகு எனக்கு அது வியப்பாக இல்லை. மறந்ததற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, இந்த வண்டிகள் கட்டப்படும் முறைதான்.

ஸ்ட்ரீட் ராட் என்றால் வழக்கமாக 1948 அல்லது அதற்கு முந்தைய காரை எடுத்து, நவீன இன்ஜினும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் பொருத்தி, சாலையில் ஓட்டுவதற்காகக் கட்டுவது. அமெரிக்காவில் பிறந்த கலை இது. இந்த வண்டி ஒவ்வொன்றும் இரண்டு முறை பூட்டப்படுகிறது. முதல் முறை வெறும் இரும்பாக: எல்லாம் பொருந்துகிறதா, எது எதில் இடிக்கிறது என்று பார்க்க. அப்புறம் முழுவதும் கழற்றி, பெயின்ட்டுக்கும் பவுடர் கோட்டிங்குக்கும் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசுவது) அனுப்பி, திரும்பி வந்ததும் இரண்டாம் முறை. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடிவிடும். பிள்ளைகளின் படிப்பு, வேலை மாற்றம், உடம்புக்கு முடியாமல் போவது என்று எல்லாம் அந்த இடைவெளியில்தான் வரும். முதல் முறை அளந்து பார்த்த நினைவு பத்திரமாக இருக்கும். அந்த நம்பிக்கையிலேயே இரண்டாம் முறை பூட்டிவிடுவார்கள். கழற்றத்தானே போகிறோம் என்று கையால் வைத்த நட்டு எது, கடைசியாக முறுக்கிய நட்டு எது என்று 9 ஆண்டுகள் கழித்து யாருக்கு நினைவிருக்கும்?

அந்த நட்டைக் கழற்றி, டை ராட் எண்டின் கூம்பை வெளியே எடுத்தேன். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் ஆர்மின் கூம்புத் துளைக்குள்ளே கறுப்பு பவுடர் கோட்டிங் பளபளவென்று இருந்தது. இது நான் அடிக்கடி பார்க்கிற தவறு. அந்த இணைப்பு நிற்பதே இரும்புக் கூம்பு இரும்புத் துளையில் இறுகிப் பிடிப்பதால்தான். நடுவே பெயின்ட் இருந்தால் முறுக்கும்போது இறுகியதுபோலத்தான் தோன்றும். வண்டி ஓட ஓட அந்தப் படலம் நசுங்கும், பிடிப்பு தளரும், கூம்பு துளைக்குள் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் தொடங்கினால் துளை முட்டை வடிவமாகிவிடும், பிறகு அந்த ஆர்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பெயின்ட்டுக்குக் கொடுக்கும்போதே இந்தத் துளைகளையும் போல்ட் உட்காரும் முகங்களையும் மூடிக் கொடுங்கள். வந்த பிறகு ஒருமுறை பார்த்து, இருந்தால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். கூம்பில் பிரஷ்யன் நீலத்தை மெல்லிசாகத் தடவித் துளையில் அழுத்தித் திருப்பினால், எங்கே ஒட்டுகிறது என்று சாயமே காட்டும். கூம்பு நெடுகிலும் ஒட்ட வேண்டும். மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ மட்டும் ஒட்டினால் ஆர்மும் டை ராட் எண்டும் வேறு வேறு சரிவுக் கணக்கில் கடையப்பட்டவை. பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டும்போது இது சாதாரணமாக நடக்கும். காட்டர் பின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கி நேராக்குங்கள். ஒருபோதும் பின்னால் தளர்த்தி நேராக்காதீர்கள்.

சரி, நட்டை ஒழுங்காகப் பூட்டியதும் வண்டி நேராகப் போயிற்றா? இல்லை.

சக்கரத்தைத் திருப்பும்போது ஸ்டீயரிங் ஓரிடத்தில் கனமாகவும் அடுத்த கால் சுற்றில் இலேசாகவும் மாறி மாறி வந்தது. ஸ்டீயரிங் கம்பத்துக்கும், சுற்றுவதைப் பக்கவாட்டு அசைவாக்கி டை ராட்டுகளைத் தள்ளும் ரேக்குக்கும் நடுவே, வளைந்தபடியே சுற்ற உதவும் இரண்டு யூ ஜாயின்ட்டுகள். ஒரு யூ ஜாயின்ட் 30 டிகிரி வளைந்து வேலை செய்தால், இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் சீராகச் சுற்றாது, வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் நடுவே ஏறி இறங்கும். அதே கோணத்தில் இரண்டாவது ஜாயின்ட்டை ஒத்த நிலையில் வைத்தால் ஒன்றின் குறையை மற்றது நேர்செய்துவிடும். கால் சுற்று தள்ளிப் பூட்டினாலோ குறை இரண்டும் சேர்ந்துகொள்ளும், 0.75 முதல் 1.33 வரை போகும். கம்பத்தைப் பெயின்ட்டுக்குக் கழற்றித் திரும்பப் பூட்டியபோது அதுதான் நடந்திருக்கிறது. அந்த ஷாஃப்ட்டில் 36 பல். கழற்றி, ஒன்பது பல் நகர்த்திப் பூட்டினேன். ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி ஒரே சீராகச் சுற்றியது.

கழற்றிய அந்தக் கையோடு ஜாயின்ட்டின் செட் ஸ்க்ரூக்களையும் பார்த்தேன். ஷாஃப்ட்டில் அவை உட்காரக் குழி போடப்படவில்லை. வழவழப்பான இரும்பின்மேல் நுனி மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. ஷாஃப்ட்டில் டிரில்லால் சின்னக் குழி போட்டு, நுனி அதற்குள் இறங்கி, மேலே லாக் நட்டும் திரெட் லாக்கரும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. இன்னொன்று: இரண்டு ஜாயின்ட் போதாமல் மூன்றாவது போட்டால், நடுவில் ஷாஃப்ட்டைத் தாங்க சேஸிஸில் ஒரு பேரிங் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் சுற்றுவதற்குப் பதிலாக வளைந்து துள்ளும்.

வண்டி அலைந்ததற்கு உண்மையான காரணம் இன்னும் முன்னால், ரேக்கில் இருந்தது. முன் சஸ்பென்ஷன் 1974 முதல் 1978 வரை வந்த முஸ்டாங் 2 காரின் அமைப்பைப் பின்பற்றியது. இந்த வண்டிகளில் மிகப் பரவலாகப் போடுவது அதைத்தான். முதல் முறை பூட்டியபோது அதற்கேற்ற சாதாரண ரேக் இருந்திருக்கிறது. பிறகு வயதாகிறதே, கைக்கு இலேசாக இருக்கட்டும் என்று வேறு காரின் பவர் ரேக்கை வாங்கி மாற்றியிருக்கிறார். பிராக்கெட்டில் அழகாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதன் உள் மூட்டுகள் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஓர் அங்குலம் வெளியே தள்ளி இருந்தன.

ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை ஜாக்கால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கி, ஒவ்வொரு நிலையிலும் அதன் முன்புறமும் பின்புறமும் எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜால் அளந்தேன். மேலே போனாலும் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியது, கீழே இறங்கினாலும் உள்ளே திரும்பியது. சஸ்பென்ஷன் ஆர்ம் ஒரு வளைவில் போகிறது. டை ராட் நீளம் குறைந்ததால் அதைவிடச் சிறிய வளைவில் போய்ச் சக்கரத்தை இழுக்கிறது. சாலையில் சின்ன மேடு வந்தாலும் வண்டி தானாகவே திரும்பும். பம்ப் ஸ்டீயர் என்பது இதைத்தான். அலைன்மென்ட் மேடையில் வண்டி அசையாமல் நிற்கும்போது எல்லா எண்ணும் சரியாகவே காட்டும்; டோவை, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை, எத்தனை முறை திருத்தினாலும் இந்த நோய் போகாது.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம், முடிவைப் படிக்கத் தெரிந்தால் போதும். சக்கரம் மேலே போனாலும் கீழே போனாலும் ஒரே பக்கம் திரும்பினால் டை ராட்டின் நீளம் தவறு. மேலே போகும்போது ஒரு பக்கமும் கீழே வரும்போது எதிர்ப்பக்கமும் திரும்பினால் ரேக் இருக்கும் உயரம் தவறு. உயரம் என்றால் ரேக்கை நகர்த்தி ஓரளவு சரிசெய்யலாம். நீளம் என்றால் சரியான அகலமுள்ள ரேக்தான் வழி. புது ரேக் வாங்க வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. 17 ஆண்டுகள் காத்திருந்தவரிடம் இன்னும் மூன்று வாரம் என்று சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை. அதற்காக நான் வேறு மாதிரி சொல்லியிருக்கவும் முடியாது.

கேஸ்டரும், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமும், மாறியிருந்தது. ஸ்ட்ரீட் ராட் முன்பக்கம் தாழ்ந்து நின்றால்தான் அழகு என்பார்கள். எனக்கும் அந்தத் தோற்றம் பிடிக்கும். ஆனால் சேஸிஸ் மட்டமாக ஸ்டாண்டில் நின்றபோது வைத்த கேஸ்டர், வண்டி முன்பக்கம் சாய்ந்ததும் அப்படியே இருக்காது. 1932 ஃபோர்டின் வீல் பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம், 106 அங்குலம். அந்த நீளத்துக்குப் பின்பக்கத்தைவிட முன்பக்கம் 47 மில்லிமீட்டர் தாழ்ந்தாலே ஒரு டிகிரி கேஸ்டர் போய்விடும். திருப்பிய சக்கரம் தானாக நேருக்குத் திரும்பி வருவதற்கே கேஸ்டர்தான் உதவுகிறது. ஆகவே இன்ஜின், ரேடியேட்டர், சீட், கண்ணாடி, நிரம்பிய பெட்ரோல் டேங்க் எல்லாம் ஏறி, ஓட்டப்போகும் டயரில் நிற்கும்போது அளந்ததுதான் அளவு.

முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே தண்டு இணைக்கும் பழைய பாணி நேர் ஆக்சில் வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றுக்குப் பொதுவாக 5 முதல் 7 டிகிரி கேஸ்டர் வேண்டும். அவற்றில் வேகம் ஏறியதும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்வது உண்டு. உடனே அதிர்வை அடக்கும் ஒரு ஸ்டீயரிங் டாம்பர் வாங்கி மாட்டுவார்கள், படபடப்பு நிற்கும். சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னிலோ டை ராட்டிலோ இருக்கும் ஆட்டம் அப்படியே உள்ளே இருக்கும். முதலில் ஆட்டத்தை எடுங்கள், டயர் பேலன்ஸ், டோ, கேஸ்டர் பாருங்கள். டாம்பர் அதற்கப்புறம்தான்.

டயர் என்றதும் ஒரு விஷயம். அவர் வண்டியில் ரப்பர் முடிகள்கூட உதிராத புத்தம்புது டயர்கள். பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைப் படித்தேன். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. தயாரித்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓடாத டயருக்கும் வயது ஏறும். நான்கையும் மாற்றினோம்.

ஸ்டீயரிங் பாகங்களுக்குக் குரோம் பூச ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பூசும்போது கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துகொள்ளும். பூசிய சூட்டோடு அடுப்பில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால் பாகம் ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் முறியும். அந்த வேலையைச் செய்தோம் என்று பூசியவர் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் அதை வண்டியில் மாட்டாதீர்கள்.

அமெரிக்காவின் நேஷனல் ஸ்ட்ரீட் ராட் அசோசியேஷன் 23 அம்சப் பாதுகாப்புச் சோதனை ஒன்றை நடத்துகிறது. வாய்ப்புக் கிடைத்தால் வண்டியைக் காட்டுங்கள். கட்டியவர் கண்ணுக்குத் தெரியாதது அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் செய்ய எளிய வழி ஒன்று உண்டு. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இலேசாக இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் கையை வைத்துக்கொண்டே வரட்டும். ஆட்டம் கண்ணுக்கு முன் கைக்குத் தெரியும்.

புது ரேக் வந்து எல்லாம் பூட்டி முடித்ததும், ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். 50 மைல் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். அவர் ஒரே வாரத்தில் வந்தார். மேலே ஏற்றி, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டை ராட் கோடுகள் நேராக இருந்தன. ரேக்கைப் பிடிக்கும் போல்ட் ஒன்றில் மட்டும் கோடு விலகியிருந்தது. கழற்றிப் பார்த்தால், பிராக்கெட்டின் பின்முகத்தில் நாங்கள் இருவரும் பார்க்காமல் விட்ட பவுடர் கோட்டிங் நசுங்கி, பொடியாக உதிர்ந்தது. அவரே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.