மாங்கூழ் ஆலையின் எரிபொருள் கணக்கு

ஜூன் பிறந்தால் போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கமெல்லாம் பெங்களூரா மாங்காய் லாரிகள்தான். தோத்தாபுரி என்றாலும் அதே ரகம். கூழாகி ட்ரம்மில் ஏறுவதற்கென்றே பெரும்பாலும் இதை வாங்குகிறார்கள். கூழ் ஆலைகள் கிருஷ்ணகிரியிலும் உண்டு, எல்லை தாண்டி ஆந்திராவின் சித்தூரிலும் உண்டு. 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரிக்குத் தடை போட்டது. விலைச் சண்டைதான், ஆனால் அதற்குள் ஓர் எரிபொருள் கணக்கும் இருக்கிறது.

ஒரு டன் கூழை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குச் சூடேற்ற ஏறத்தாழ 240 மெகாஜூல் வெப்பம் வேண்டும். பழம் எந்த மாநிலத்தில் விளைந்தாலும் இது மாறாது. மாறுவது பாய்லர் வீணடிக்கும் வெப்பம். அதன் உடம்பும் நீராவிக் குழாய்களும் காற்றுக்குக் கொடுக்கும் சூடு, முழு வரத்து வந்தாலும் பாதி வந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே வரத்து பாதியானால் டன்னுக்கு விழும் இந்த இழப்பு இரட்டிப்பாகும். பழம் போதாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினால், ஆறிப்போன இரும்பையும் தண்ணீரையும் சூடாக்கவே ஓட்டும் ஒவ்வொரு நாளும் காலையில் விறகு எரியும். மோட்டார்களும் அப்படித்தான்: சுமை 40 சதவீதத்துக்குக் கீழே போனால் திறன் சரியும். மறுபுறம், விற்காமல் அழுகும் பழத்தோடு பம்ப்செட் ஓட்டிய மின்சாரமும் குப்பைக்குப் போகிறது.

அப்படியானால் எல்லாப் பழத்தையும் ஒரே பெரிய ஆலைக்கு அனுப்பிவிடலாமா? அவசரப்படக் கூடாது. 10 டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் டீசல், சுமார் 900 மெகாஜூல். தோலும் கொட்டையும் கழிந்தபின் ஒரு டன் கூழுக்குக் கிட்டத்தட்ட இரண்டு டன் பழம் வேண்டுமென்பதால், கூழ்க் கணக்கில் டன்னுக்கு 180 மெகாஜூல். கூழைச் சூடாக்கும் வெப்பத்தில் முக்கால் பங்குக்குச் சமமான டீசல் ரோட்டிலேயே போய்விடுகிறது! வண்டி காலியாகத் திரும்பினால் இன்னும் கூடும்.

எனவே ஆலை சிறியதாக இருப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். பக்கத்து ஆலையில் இடமிருந்தும், நடுவே ஒரு மாநில எல்லை இருப்பதால் பழம் அங்கே போக முடியாததுதான் கோளாறு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டபோது, வரிசையில் நின்று என்ஜின் உறுமவிட்ட டீசலாவது மிச்சமானது. பழத்துக்குத் தனியாகத் தடை வந்தால் வரி ஒன்றாக இருந்தும் பயனில்லை.