கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே ஒரு மைக்ரான்

ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது: ஆக்ஸிலுக்கு சின்தெடிக் (செயற்கையாகத் தயாரித்த) கியர் ஆயில் ஊற்றினால் கிரவுன்-பினியன், அதாவது ஆக்ஸிலுக்குள் சக்கரங்களுக்கு விசையைத் திருப்பிவிடும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி, கூடுதல் காலம் உழைக்குமா, கச்சா எண்ணெயிலிருந்து வரும் சாதாரண மினரல் ஆயிலே போதுமா? கல்லும் மேடுமாக ஊர்ந்து ஏறும்போது பல்லைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஆயிலில் கரைந்திருக்கும் கந்தகமும் பாஸ்பரஸும்தான். அவை இரண்டு வகை ஆயிலிலும் உண்டு. சின்தெடிக்கின் பலம் வெப்பத்திலும் குளிரிலும்தான் தெரியும்.

பெரும்பாலான ஆக்ஸில்களில் இருப்பது ஹைபாய்டு கியர். சிறிய சக்கரமான பினியன், பெரிய சக்கரமான கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக நிற்காமல் சற்றுக் கீழேயோ மேலேயோ தள்ளி நிற்கும். 1920களில் பேக்கார்டு கார்களில் இது வந்தபோது, கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு விசை கொண்டுவரும் புரொபெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, அதோடு காரின் தரையும் தாழ்ந்தது. பினியனைப் பெரிதாகவும் செய்ய முடிந்தது. ஆனால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. ஆயிலுக்குச் சோதனை அங்கேதான்.

பல்லும் பல்லும் தொடும் இடத்தில் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 டன்னைத் தாண்டும். அவ்வளவு அழுத்தத்தில் ஆயில் பிதுங்கி ஓடிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓடுவதற்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அழுத்தம் ஏற ஏற அதன் பிசுக்குமை (ஓட மறுக்கும் கெட்டித்தன்மை) பல ஆயிரம் மடங்கு கூடி, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்கு ஏறக்குறைய கண்ணாடி போன்ற திடப்பொருளாகவே நடந்துகொள்கிறது. எஃகும் சும்மா இருப்பதில்லை. தொடும் இடத்தில் நசுங்கித் தட்டையாகி, அந்த ஆயில் படலத்துக்கு இடம் விடுகிறது. படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மறுபக்கம் வெளியே வந்ததும் அதே ஆயில் பழையபடி திரவம்! இயந்திரவியலில் இதைவிட அழகான விஷயம் அதிகம் இல்லை.

ஆனால் அந்தப் படலத்தை உண்டாக்குவது வேகம். வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் லோ ரேஞ்சில், முதல் கியரில் ஒரு பாறை மேல் வண்டி ஏறும்போது பினியன் மெல்லச் சுற்றுகிறது, முறுக்கு விசையோ பல மடங்கு. படலம் மெலிந்து, எஃகின் நுண்ணிய மேடுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. உரசும் புள்ளியில் மட்டும் வெப்பநிலை ஒரு கணம் நூற்றுக்கணக்கான டிகிரிக்குப் பாய்கிறது. அந்தச் சூட்டில்தான் கந்தகச் சேர்மங்கள் விழித்துக்கொண்டு இரும்போடு வினைபுரிந்து இரும்பு சல்பைடு படலமாகின்றன. பாஸ்பரஸ் தன் பங்குக்குப் பாஸ்பேட் படலம் போடுகிறது. எஃகைவிட எளிதாகச் சிராய்ந்து போகும் படலம் இது. பல்லி வாலை விட்டு உயிர் தப்புவது போல, எஃகு இந்தப் படலத்தைப் பறிகொடுத்துத் தான் பிழைக்கிறது. அடுத்த உரசலில் புதுப் படலம் முளைக்கிறது. இது இல்லாவிட்டால் மேடுகள் ஒட்டிப் பற்றவைத்துக்கொண்டு, பிய்த்துக்கொண்டு வரும். டப்பாவில் ஏபிஐ ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரக் குறியீடு இருந்தால் இந்த வேதியியல் உள்ளே இருக்கிறது என்று பொருள். (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்டிருந்தால் இதை அங்கே ஊற்றக் கூடாது.) ஆயிலை விரலில் தேய்த்து ‘நல்ல வழவழப்பு’ என்று தரம் சொல்பவர்களை நம்ப வேண்டாம், விரலில் 10 டன் அழுத்தமும் இல்லை, அந்தச் சூடும் இல்லை.

இன்னொரு வேடிக்கை: அழுத்தத்தில் கெட்டியாகும் குணம் சின்தெடிக்கான பாலிஆல்ஃபாஓலிஃபினைவிட மினரல் ஆயிலுக்கு அதிகம். ஓடும் வெப்பநிலையில் பிசுக்குமை சமமாக இருந்தால், மினரல் ஆயிலின் படலம் சற்றுத் தடிமனாகவே இருக்கலாம். சின்தெடிக் மூலக்கூறுகள் அழுத்தத்திலும் எளிதாக வழுக்குவதால் உரசல் வெப்பம் குறையும். ஆக்ஸில் சூடு தணியும்.

குளிரில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டப்பாவில் டபிள்யூவோடு வரும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு ஓடும் என்பதன் தரம். பிசுக்குமையில் 1,50,000 சென்டிபாய்ஸ் (பிசுக்குமையின் அலகு) என்ற எல்லையை 75டபிள்யூ ஆயில் மைனஸ் 40 டிகிரி வரை தாண்டக் கூடாது. 80டபிள்யூவுக்கு மைனஸ் 26, 85டபிள்யூவுக்கு மைனஸ் 12. மினரல் ஆயிலில் உள்ள மெழுகு குளிரில் படிகமாகும். கிரவுன் வீல் ஆயிலில் பள்ளம் வெட்டிக்கொண்டு வெறுமனே சுற்றும், ஆயில் திரும்பி வந்து மூடாது. பனிப்பிரதேசம் என்றால் யோசிக்காமல் சின்தெடிக் 75டபிள்யூ-90. மணலிலோ டிரெய்லர் இழுத்தோ ஆக்ஸில் கொதித்தாலும் சின்தெடிக்தான். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், மினரல் முதலில் தளரும். ஊர்ந்து ஏறுவதே வேலை என்றால், வண்டிக் கையேடு அனுமதிக்கும் பட்சத்தில், 90ஐவிடக் கெட்டியான 140 கிரேடு படலத்தைத் தடிமனாக்கும்.

அடிக்கடி ஆறு, ஓடை இறங்குபவர்களுக்கு என் கருத்து வேறு. 90 டிகிரிச் சூட்டில் இருக்கும் ஆக்ஸில் 25 டிகிரித் தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்தால் உள்ளே உள்ள காற்று 18 சதவீதம் சுருங்கும், அதாவது லிட்டருக்கு 180 மில்லி. ஆக்ஸில் மூச்சுவிடும் காற்றுத் துளையான பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் ஆயில் சீல் வழியாக வரும். அந்த சீல் ஆயிலை உள்ளே நிறுத்த வடிவமைத்தது, தண்ணீரை வெளியே நிறுத்த அல்ல. பால் கலந்த தேநீர் நிறத்தில் ஆயில் வந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் வீண், பேரிங்கில் துரு ஏறும் முன் வடித்துவிட வேண்டும். இவர்கள் மினரல் 80டபிள்யூ-90 ஊற்றி அடிக்கடி மாற்றுவதே புத்திசாலித்தனம். மிச்சமாகும் காசில் பிரீதருக்கு ஹோஸ் போட்டு இன்ஜின் அறையின் மேல்பகுதிவரை இழுத்துவிடலாம்.

மாற்றும்போது வண்டியைச் சற்று ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள். முதலில் ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக். அது திறந்த பிறகே, வடிக்கும் துளையை மூடும் டிரெயின் பிளக். வடித்த பின் ஃபில்லர் இறுகிக் கிடப்பது தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. ஊசி போன்ற துண்டோ சில்லோ இருந்தால் கூட்டைத் திறந்து பார்க்க வேண்டும். துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் போதும். அதிகமானால் நுரைத்து, சூடேறி, பிரீதர் வழியாகக் கக்கும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும், கிளச் தட்டு உள்ள லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால் ஃப்ரிக்ஷன் மாடிஃபயர் (உராய்வைச் சீராக்கும் கலவை) வேண்டும், சில ஆயில்களில் முன்பே கலந்திருக்கும். இல்லையேல் வளைவில் கடகடக்கும்.

சஸ்பென்ஷனை மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டி, பின் ஆக்ஸிலின் பினியனை மேல்நோக்கித் திருப்பியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபில்லர் துளை பின்மூடியில் இருந்தால் அது இப்போது கீழே இறங்கியிருக்கும்; பினியனின் முன் பேரிங்கோ உயர்ந்திருக்கும். துளை மட்டத்துக்கு ஊற்றினாலும் ஆயில் குறைவுதான். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பினியனைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்து ஊற்றினால் குறைந்தபட்சம் பழைய அளவாவது உள்ளே போகும்.