“என்ன முறைக்கிறே?”

போன வாரம் மட்டும் மூன்று குடும்பங்கள். மூன்று வீட்டிலும் சண்டை தொடங்கியது இந்த ஒரே கேள்வியில்தான்.

குடிநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் மனநல மருத்துவர் நான். இந்த வாக்கியத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. சோறு போட வந்தவள் முறைத்தாள். ஃபீஸ் கட்டப் பணம் கேட்ட மகன் முறைத்தான். பாரில் பக்கத்து டேபிள்காரன் முறைத்தான். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், “நான் எங்க டாக்டர் முறைச்சேன்? காலையிலேர்ந்து நின்னு நின்னு கால் வலி. மூஞ்சி அப்படி இருந்திருக்கும்” என்பார்கள். பல வருடம் குடித்தவர்கள் பலருக்கு அடுத்தவர் முகத்தில் இருக்கும் உணர்ச்சியைச் சரியாகப் படிக்க வராது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்றாவதாக வந்தவரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). நாற்பதைத் தொடும் வயது. தினமும் இரண்டு குவார்ட்டர், பல வருடமாக. குவார்ட்டர் என்றால் ஏதோ சின்ன அளவு என்று நினைப்பவர்களுக்கு: 180 மில்லியில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது ஏறக்குறைய 60 கிராம். அதைப்போல் இரண்டு. வார்டில் சேர்ந்து 17 நாள் ஆகியிருந்தது. நடுக்கம் நின்று, தூக்கம் வந்து, இட்லி இறங்க ஆரம்பித்து, ஷேவ் செய்துகொண்டு பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனாலும் புகார் அதேதான்: “நான் திருந்திட்டேன் மேடம். இவ இன்னும் முறைச்சுக்கிட்டேதான் இருக்கா.”

மேஜை இழுப்பறையிலிருந்து முக அட்டைகளை எடுத்தேன். உலகம் முழுக்க இந்த மாதிரிச் சோதனைகளுக்கு அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1976இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறார்கள். எல்லாம் வெள்ளைக்கார முகங்கள். நம் ஆட்களிடம் காட்டினால் “இந்தம்மா சினிமாவுல நடிக்கிறவங்களா?” என்பார்கள். அதனால் எங்கள் செவிலியர்களையே நடிக்க வைத்து ஒரு செட் எடுத்து வைத்திருக்கிறேன். அளந்து மதிப்பெண் போடும் சோதனை இல்லை, பேச்சைத் தொடங்க உதவும். மூன்றாவது அட்டை சோகம்: புருவத்தின் உள்முனை மேலேறி, உதட்டோரம் கீழே இறங்கி, கண் ஈரமாக.

“இந்தப் பொண்ணு எப்படி இருக்கு?”

“கோவமா இருக்கு.”

“எவ்வளவு நிச்சயம்? பத்துக்கு எத்தனை?”

“பத்துக்குப் பத்து மேடம்.”

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அது அழுவுற மூஞ்சிங்க.”

கணவர் அட்டையைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். நம்பவில்லை. அந்தப் ‘பத்துக்குப் பத்து’தான் என் கவலை. கண் மங்கினால் மங்குகிறது என்று தெரிந்து கண்ணாடி போடப் போவோம். முகத்தைத் தப்பாகப் படிப்பவருக்குத் தப்பாகப் படிக்கிறோம் என்பதே தெரியாது. பெல்ஜியத்தில் பியர் பிலிப்போ, ஷார்ல் கோர்ன்ரைக் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். குடிநோயாளிகள் முகத்தில் உள்ள உணர்ச்சியைத் தவறாகச் சொன்னார்கள், இருப்பதைவிடக் கூட்டியும் சொன்னார்கள். ஆனால் சோதனை தங்களுக்குக் கடினமாக இருந்ததாகச் சொல்லவில்லை.

சரி, எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். “போதை இறங்கிட்டா எல்லாம் சரியாயிடும் டாக்டர், குடிக்காதப்ப இவர் தங்கம்.” மாமியார் சொல்வார், மச்சான் சொல்வார், சில சமயம் ரெஃபர் பண்ணும் டாக்டரே சொல்வார். போதை வேறு, வருடக்கணக்கான குடி செய்துவைத்த வேலை வேறு. போதை ராத்திரியோடு இறங்கிவிடும். முகத்தைப் படிக்க வராத இந்தக் குறை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, அதுதான். குடியை விட்டு மாதக்கணக்கில் ஆனவர்களிடமும் இந்தக் குறை தங்கியிருப்பதை அதே பெல்ஜியக் குழு அடுத்த சில வருடங்களில் காட்டியது. காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு, ஸ்டெடியாக நிற்கும் அந்தத் தங்கமான மனிதருக்கும் மனைவியின் சோர்வு கோபமாகத்தான் தெரியக்கூடும். ஆகவே “தெளிவாத்தானே இருந்தார், அப்ப நிஜமாவே நீ முறைச்சிருப்பே” என்று அந்தப் பெண்ணையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். இந்தப் பஞ்சாயத்தை நான் எத்தனை முறை பார்த்துவிட்டேன்!

முகம் மட்டுமல்ல, குரலிலும் இதே குழப்பம் வரும். ஃபோனில் “எங்க இருக்கீங்க?” என்று பயந்துபோய்க் கேட்டது, அந்தப் பக்கம் அதட்டலாகப் போய்ச் சேரும்.

எல்லாக் குடிநோயாளிக்கும் ஒரே அளவில் இது இருக்காது. குடிக்கு முன்பே கொஞ்சம் இருந்ததா, குடியால் வந்ததா என்று சிலரிடம் பிரித்துச் சொல்ல முடியாது. மனச்சோர்வு கூடவே இருந்தால் இன்னும் சிக்கல். பெண்கள் குடிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் விடுவதும் நடக்கிறது, கேளுங்கள்.

இதை எழுதும்போதே ஒரு பயம். “பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாங்க, மூளைதான் காரணம்” என்று யாராவது கிளம்புவார்கள். நிறுத்துங்கள். போலீஸ்காரர் நிஜமாகவே முறைத்தால் அங்கே உங்கள் கை ஓங்குவதில்லை, வீட்டில் மட்டும் எப்படி ஓங்குகிறது? முகத்தைத் தப்பாகப் படித்ததற்கு மூளையைச் சொல்லலாம். அடித்ததற்குச் சொல்ல முடியாது. அடி வாங்கும் பெண்கள் மகளிர் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள். அவர் குணமாகிறவரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. தினமும் அதிகம் குடிப்பவர் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றே ஒரேயடியாக வீட்டில் நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஜன்னி கண்டு ஆள் போகவும் கூடும். மருத்துவமனையில் சேர்ந்து, மருந்தோடும் பி1 வைட்டமின் ஊசியோடும் நிறுத்துங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அப்புறம், குடியை நிறுத்தும் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுக்கிற வேலை வேண்டாம். அதன் மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. பத்து தடவை சொல்லியும் செய்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே சித்தப்பா, பெரியப்பா, கட்சிக்காரர் என்று கூட்டி வைத்துச் சமரசம் பேசாதீர்கள். அத்தனை முகங்களைப் படிக்கும் நிலையில் அவர் இல்லை. சில வாரம் போகட்டும்.

வீட்டுப் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தபோது வாயால் சொல்லிவிடுங்கள்: “கோவம் இல்ல, தலை வலிக்குது.” அவருக்காக இருபத்து நாலு மணி நேரமும் சிரித்த முகமாக இருக்கச் சொல்லவில்லை. அப்படி யாராலும் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். பயம் இருக்கும் வீட்டில் இந்த யோசனையே வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரே வேலைதான். ‘முறைக்கிறா’ என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிறகு, “கோவமா இருக்கியா?” என்று கேளுங்கள். குரலைத் தாழ்த்தி. சொல்லும் பதிலை நம்புங்கள், உங்கள் கண்ணை நம்பாதீர்கள். எங்கள் வார்டில் இதைப் பாடம்போல ஒப்பிக்க வைக்கிறோம். பெரிய மனிதர்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அந்த ‘பத்துக்குப் பத்து’க்காரர் நேற்று ரிவ்யூவுக்கு வந்தார். மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி உட்கார்ந்திருந்தார். இவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒப்பிக்கும் பையன் மாதிரி கேட்டார்: “கோவமா இருக்கியா?”

“இல்லங்க. ரெண்டு நாளா கடைவாய்ப்பல் வலி.”

பல் பிரிவு ஓபி 12 மணிக்கு மூடிவிடும். சீட்டு எழுதி இரண்டு பேரையும் ஓடச் சொன்னேன்.