வெளிநாட்டுக் கிளி, குரங்கு, ஆமை வாங்குகிறீர்களா? பதிவு விதியில் மக்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பூங்காவில் திருடியவன் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். நடுவில் கைமாற்றிவிட்டவன் சிம் கார்டை மாற்றிவிடுவான். கடைசியில் மாட்டுவது, கூண்டை வீட்டில் வைத்திருப்பவர்தான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்படி அலைந்த குடும்பங்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்லூரி மாணவர் வாட்ஸ்அப்பில் படம் பார்த்து ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கினார். "பண்ணையில் பொரித்தது, பில் உண்டு" என்றார் விற்றவர். பில் என்று வந்தது ஒரு வெள்ளைத் தாள், அதில் முகவரி இல்லாத ரப்பர் ஸ்டாம்ப். கிளியின் காலில் இருந்த அலுமினிய வளையத்தை உற்றுப் பார்த்தால், ஓரிடத்தில் குறடால் அறுத்து மறுபடி அமுக்கிய தழும்பு தெரிந்தது. பண்ணையில் மூடிய வளையத்தைக் குஞ்சாக இருக்கும்போதே மாட்டிவிடுவார்கள். கால் வளர்ந்தபின் அது கழலாது, புதிதாக மாட்டவும் முடியாது. அறுபட்ட வளையம், அல்லது வளர்ந்த பறவையின் காலில் கழலும் அளவுக்குத் தொளதொளவென்று இருக்கும் வளையம் என்றால், அந்தப் பறவையின் பிறப்புக் கதையை நம்ப வேண்டாம்.

பூங்காவிலிருந்தெல்லாம் திருடுவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஈ.சி.ஆர். சாலையிலேயே, மாமல்லபுரம் பக்கம் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து 2020 நவம்பரில் ஓர் அல்டாப்ரா ராட்சத ஆமை காணாமல் போனது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் 2022 பிப்ரவரியில் இரண்டு அணில் குரங்குகள் திருடுபோய், பிறகு மீட்கப்பட்டன. அப்படிப் போகும் உயிர்கள் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

சரி, விதி என்ன? சுருக்கமாகச் சொல்கிறேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் இப்போது அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை உயிரோடு வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி கடைசியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதக் கெடு. புதிதாக வாங்குபவருக்கு, கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். மீறினால் பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆறு மாதக் கெடு 2024 ஆகஸ்டு கடைசியோடு முடிந்துவிட்டது. இது தெரியாமல் இன்னும் பலர் இருக்கிறார்கள். கெடுவைத் தவறவிட்டவரிடம், "இன்று வாங்கியதாகத் தேதி போட்டுப் பதிந்துவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் புரோக்கர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பொய்த் தேதி போட்ட விண்ணப்பத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு, அவர் பெயர் எங்கேயும் வராது. ஒரு வழக்கறிஞரைக் கூட வைத்துக்கொண்டு, உண்மையை எழுத்தில் வனத்துறைக்குச் சொல்வதே மேல்.

இன்னொரு பள்ளம், 2020ன் சான்றிதழ். அந்த ஆண்டு மத்திய அரசு ஒரு தன்விருப்ப அறிவிப்புத் திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பதாக ஆறு மாதத்துக்குள் சொன்னவர்களிடம் எங்கே வாங்கினீர்கள் என்று காகிதம் கேட்கவில்லை. அந்தச் சான்றிதழை பிரேம் போட்டு மாட்டிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருக்கிறார்கள். 2024 விதிப்படி பதிவு தனி. அதைவிட மோசம், ஒரு பறவைக்கு வாங்கிய பழைய சான்றிதழைக் காட்டி வேறு பறவையை விற்பது. காகிதத்தில் உள்ள இனமும், வளைய எண்ணும், விற்பவரின் பெயரும் உங்கள் எதிரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவருக்கே பதிவு இல்லையென்றால், உங்கள் விண்ணப்பத்தில் "யாரிடமிருந்து வந்தது" என்பதற்கு என்ன எழுதுவீர்கள்?

எதற்குப் பதிவு வேண்டும் என்பதிலும் குழப்பம். நம் ஊர் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜிக்கு வேண்டாம், காக்டீல் கிளிக்கும் வேண்டாம். சன் கன்யூர், மக்காவ், சாம்பல் கிளி, மார்மோசெட் குரங்கு, இகுவானா, பால் பைதான் என்ற மலைப்பாம்பு எல்லாவற்றுக்கும் வேண்டும். அப்புறம், ரொம்ப முக்கியம்: நம் பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் இந்தக் கணக்கிலேயே வராது. அவை உள்நாட்டுக் காட்டுயிர்கள். வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பதிவு செய்து சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால், அவர் உங்களைச் சிக்கவைக்கிறார் என்று அர்த்தம்.

இனி அலுவலக அலைச்சல். ஸ்டேஷனுக்குப் போனால் "வனத்துறைக்குப் போங்க" என்பார்கள். வனத்துறையில் "வெளிநாட்டுப் பறவைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று இன்னமும் சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். 2023க்கு முன்பு அது ஓரளவு உண்மை, இப்போது இல்லை. நான்காம் அட்டவணை என்ற சொல்லை மனுவிலேயே எழுதிக்கொண்டு போங்கள். நம் பகுதிக்கென்று எல்லைத் தலைவலியும் உண்டு. புதுச்சேரி எல்லையில் உள்ள ஊசுட்டேரியே இரண்டு அரசுகளின் வனத்துறைக்கும் பங்காகக் கிடக்கிறது. பாகூரில் கூண்டு இருந்தால் புதுச்சேரியின் தலைமை வன உயிரினக் காப்பாளர், நாலு தெரு தள்ளி கடலூர் மாவட்டத்தில் இருந்தால் சென்னையில் உள்ளவர். ஆதாரில் கடலூர் முகவரி, கூண்டு பாகூரில் என்று இருந்தால், உயிர் எங்கே இருக்கிறது என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் தள்ளிவிடுவார்கள்.

உங்களுடையதே திருடுபோனால் தாமதிக்கவே கூடாது. அந்தப் பறவை நாளை வேறொரு வழக்கில் பிடிபட்டால், பதிவில் இருப்பது உங்கள் பெயர். ஸ்டேஷனில் மனு ஏற்பு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சி.எஸ்.ஆர். என்கிற அந்தச் சீட்டு எஃப்.ஐ.ஆர். ஆகாது. அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் பிறகு பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். "எல்லை எங்களுடையதில்லை" என்பதும் சாக்குதான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். திருட்டுச் சொத்து என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கி வைத்திருப்பவருக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தது, ராத்திரியில் பைபாஸில் வைத்துக் கைமாறியது என்பதெல்லாம் அந்தக் "காரணம்" ஆகிவிடலாம்.

எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். அதை இணைத்து, பறவையின் படம், வளைய எண், பதிவு எண் எல்லாம் எழுதி, வனத்துறைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போடத் தயங்கினால் வாக்குவாதம் வேண்டாம், வெளியே வந்து அதையே ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள்.